எரிநட்சத்திரம் யாருக்காக விழுகிறது?

இரவில் ஒரு நட்சத்திரம் கழன்று விழுவதைக் கண்டால், யாரோ ஒரு பெரிய மனிதர் மவுத்தாகி விட்டார் என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் அற்றுப் போகவில்லை. அறியாமைக் காலத்து அரபுகளும் இதையே சொல்லி வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் அமர்ந்திருந்த ஓர் இரவில் எரிநட்சத்திரம் ஒன்று ஒளி வீசிப் பாய்ந்தது. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று அப்போது அவர்கள் தெளிவுபடுத்தியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம்.

இதைவிடக் கடினமான ஒரு வேளையும் வந்தது. ஹிஜ்ரி 10-ல் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த அன்றே சூரியன் கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் தாமாகவே பேசினார்கள். பெருமானார் வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும், அந்தப் பேச்சு நிலைத்திருக்கும். மகனை இழந்த துயரத்திலும் அவர்கள் அதை மறுத்தார்கள். வானம் தம் வீட்டுக்காக அழுதது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கே மனமில்லாதபோது, நமக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

ஆயினும் உம்மத்து மறந்தது. கி.பி. 902-ல் நட்சத்திரங்கள் மழைபோல் கொட்டின. வட ஆப்பிரிக்காவை ஆண்ட அமீர் இப்ராஹீம் இப்னு அஹ்மதின் மரணத்தோடு அதை முடிச்சுப் போட்டு எழுதி வைத்தார்கள். (அவர் பெயரும் இப்ராஹீம்!) அதே மழை 1833-லும் 1966-லும் அமெரிக்காவில் கொட்டியது. சுமார் 33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் ஒரு வால்நட்சத்திரம் உதிர்த்த தூசு அது. அமீர் இருந்தாலும் இறந்தாலும் அது வரத்தான் செய்யும்.

"வெறும் தூசுதானா? அப்படியானால் இதில் என்ன அத்தாட்சி?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். ஷைத்தான்கள் மீது எறியப்படுவதைப் பற்றி சூரத்துல் முல்க் கூறுகிறதே, அதை எங்கே வைப்பது என்றும் கேட்கிறார்கள். தூசு எப்படி எரிகிறது என்பது கண்ணுக்கு எட்டும் செய்தி. ஜின்களின் செய்தி மறைவானது. ஒன்றின் படியால் மற்றொன்றை அளக்க முடியாது. வசனத்துக்குள் விஞ்ஞானத்தைத் திணித்து வெற்றி கொண்டாடும் துண்டுப் பிரசுரங்கள் எனக்கு உவப்பானவையல்ல. வானத்தை நம் கட்சிக்குச் சாட்சி சொல்ல இழுப்பதும் பழைய சகுனத்தின் இன்னொரு முகமே.

சரி, பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். வானத்தை நோக்கிச் சிந்திக்கும்படி குர்ஆன் ஏவுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய நம் நாட்டாருக்கு வடவானம், தென்வானம் இரண்டிலிருந்தும் பங்கு உண்டு. டிசம்பர் 13, 14-ல் வரும் பெரிய மழையை வடகிழக்குப் பருவ மேகம் பலமுறை மறைத்துவிடும். மே 5, 6-ல் வருவது நமக்கு உகந்தது. 76 ஆண்டுக்கு ஒருமுறை வந்து, கடைசியாக 1986-ல் தலைகாட்டிய ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசு அது. நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து போகிறது. கோடையில் மேகமும் குறைவு.

திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையே பெருமுக்கல் மலைப்பக்கம் இருப்பவர்கள், தெருவிளக்கை விட்டு விலகி வெளியில் நின்றாலே போதும். கருவி எதுவும் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு மேல் கீழ்வானிலிருந்து அவை கிளம்பும். தஹஜ்ஜுதுக்கு எழுபவருக்குத் தனியாக அலாரம் தேவையில்லை.

விடியலுக்கு முன்பு, நிலா இல்லாத இரவில், கிழக்கே கூம்புபோல் மங்கலான ஒளி நிமிர்ந்து நிற்கும். பிக்ஹு நூல்கள் சுப்ஹு காதிப், பொய் வைகறை என்று சொல்வது இதைத்தான். சூரியனைச் சுற்றிக் கிடக்கும் தூசில் பட்ட ஒளியே அது. அதைக் கண்டு ஸஹரை நிறுத்த வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் உண்மை வைகறை அடிவானம் நெடுகக் குறுக்கே பரவும். நம் பக்கத்தில் அது விரைவாகவே வெளுத்துவிடும். அதற்குப் பின் விழும் நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாங்கு சொல்லும் நேரமும் வந்திருக்கும்.