வண்டியும் வரம்பும்

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது கிலோவுக்குப் பத்து சென் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுகிற நாம், வீட்டுக்கு ஒரு மோட்டார் வண்டி எடுக்கும்போது இருபதினாயிரம் ரிங்கிட்டைப் புன்சிரிப்போடு விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறோம். இது ஏன்? நம்மவர்க்குக் கணக்குத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸிலும், மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை நடத்தும் சகோதரர்களில் பலர், பேரேட்டைப் புரட்டாமலே யாரிடம் எவ்வளவு பாக்கி என்று சொல்லக்கூடியவர்கள். ஆகவே குறை கணக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி வாங்குவதில் ஆராய என்ன இருக்கிறது, பணமிருந்தால் வாங்குவது, இல்லாவிட்டால் பேசாமல் இருப்பது என்று சிலர் சொல்லக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியில் ஏறிக்கொண்டு உதவிப் படகுக்குக் காத்திருந்தனர். கிள்ளானில் நம் வீட்டு வாசலில் நின்ற பழைய வண்டியும் அந்த வெள்ளத்தில் போயிற்று. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோமே என்று ஆறுதலாக இருந்தோம். பத்திரத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான், வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும் என்பது தெரிய வந்தது. அதை நாம் சேர்க்கவில்லை. மிச்சம் பிடித்ததாக நினைத்திருந்த தொகை, சொன்னால் வெட்கம், ஒரு நல்ல விருந்துச் செலவுக்குக்கூடக் காணாது.

வண்டியில்லாமல் நம் குடும்பம் நடவாது. உம்மா, நாம் இருவர், பிள்ளைகள் நால்வர், ஆக ஏழு பேர். கடை பிரிக்பீல்ட்ஸில், வீடு கிள்ளானில். உம்மாவை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பெருநாளுக்குப் பினாங்கு போனால் ஒரு வழிக்கே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 2022 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு இரவு, கடையை அடைத்து வந்தபின், சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம் துணைவியாரும் நாமும் உட்கார்ந்தோம். சரக்குக் கொள்முதல் பாக்கி, சிப்பந்திகளின் சம்பளம், வருடம் நிறைந்தால் கொடுக்க வேண்டிய ஜகாத், உம்மாவின் மருந்து, மூத்த மகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனோம். மிஞ்சியதை வைத்து ஒரு தொகை எழுதினோம்: 75,000 ரிங்கிட். இதில் 25,000 கையிருப்பு. 50,000 ஐந்தாண்டுத் தவணை. மேசையில் இருந்தவர்கள் இருவரே. ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் இருபது பேராவது இருந்தார்கள்.

மறுவாரம் ஒரு விற்பனைக் கூடத்துக்குப் போனோம். எந்தக் கூடம் என்பது வேண்டாம். எல்லாக் கூடங்களிலும் நடப்பதுதான். அங்கிருந்த இளைஞர் நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "முதலாளி, மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பது. மொத்தம் எவ்வளவு என்று அவர் கேட்கவேயில்லை. கூட்டலில் கனமாகத் தெரிவது வகுத்தலில் இலேசாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் என்ன, கடனுக்குப் பண்டம் விற்காதவர்களா?

கணக்கு இப்படி. எளிதாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நம் 50,000க்கு ஐந்தாண்டில் 7,500 கூடும். 57,500ஐ 60 மாதத்தால் வகுத்தால் மாதம் சுமார் 958. இளைஞர் காட்டிய வண்டி 95,000 ரிங்கிட். அதே 25,000 முன்பணம், 70,000 கடன், ஆனால் தவணை ஒன்பது ஆண்டு. கூடுதல் 18,900. 88,900ஐ 108 மாதத்தால் வகுத்தால் சுமார் 823. பாருங்கள், இருபதினாயிரம் விலை கூடிய வண்டிக்கு மாதம் 135 ரிங்கிட் குறைவு! "உங்களுக்கு இலாபம்தானே முதலாளி" என்றார் அவர். ஒரு கணம் நமக்கும் இலாபமாகவே தோன்றிற்று. முதல் வண்டிக்கு மொத்தம் 82,500, இரண்டாவதுக்கு 1,13,900. வித்தியாசம் 31,400 ரிங்கிட். இது வீட்டுக்கு வந்து, அதே மேசையில், அதே புத்தகத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. அந்த ஒன்பதாண்டு முடியும்போது நம் கடைக்குட்டி உயர்நிலைப்பள்ளி போய்க்கொண்டிருப்பான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த 3 விழுக்காடு தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி ஆண்டு வரை கணக்கிடப்படுவது. அசல் மாதாமாதம் குறைந்து வந்தும் கட்டணம் குறைவதில்லை. ஆகவே குறைந்து வரும் பாக்கிக்கு என்று பார்த்தால், ஐந்தாண்டுத் தவணையில் அது ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் போகிறது. சரக்குக் கடனில் இப்படி ஒருவர் நம்மிடம் சொன்னால் அவரைக் கடைக்கு வெளியே வைத்தல்லவா பேசுவோம்?

வட்டியே கூடாதென்ற மார்க்கத்தில் இருந்துகொண்டு விழுக்காடு பேசுகிறீரே என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நாட்டில் 1983ல் இஸ்லாமிய வங்கி தோன்றியதிலிருந்து, வட்டியில் சிக்காமல் வண்டி எடுக்கும் வழி படிப்படியாக அமைந்து வந்திருக்கிறது. வங்கி வண்டியைத் தானே வாங்கி, நமக்கு வாடகைக்கு விட்டு, வாடகை தீர்ந்தபின் விற்றுவிடுகிறது. அல் இஜாரா தும்ம அல் பைஉ என்று இதற்குப் பெயர். நாமும் அவ்வழியில்தான் எடுத்தோம். பெயர்தான் மாறியது, தொகை அப்படியேதான் இருக்கிறது என்று பகடி பேசுவோரும் உண்டு. ஒப்பந்தத்தின் தன்மையை உலமாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நாம் தலையிடவில்லை. நாம் சொல்ல வருவது அதுவன்று. ஒப்பந்தம் ஆகுமானதாகிவிட்டது என்ற நிம்மதியில், எவ்வளவு என்ற கேள்வியையே கைவிட்டுவிடுகிறோம். 50,000க்கு ஆகுமான அதே பத்திரம் 1,50,000க்கும் ஆகுமானதுதான். பத்திரத்துக்கு நம் கொள்முதல் பாக்கி தெரியாது.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். 1926லிருந்து 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் ஓடிய ரஜூலா கப்பலில் வந்து, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த துறைமுகத்தில் இறங்கியவர்கள் எத்தனை பேர்! ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க உங்கு அப்துல் அசீஸ் 1959ல் ஒரு திட்டம் எழுதினார். 1963ல் அதற்கென ஒரு சேமிப்புக் கழகம் ஏற்பட்டு, பின்னர் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. முதலில் சேர், பிறகு புறப்படு என்பதே அதன் வழி. வண்டிக்கும் அவ்வாறு முழுதும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. உம்மாவின் முழங்கால் அதுவரை காத்திருக்காது.

இனி, வண்டி. எஸ்.யு.வி. என்று இன்று எல்லோரும் விரும்பும் உயரமான வண்டிகளின் மேல் உலகம் முழுவதும் ஒரு மோகம் இருக்கிறது. 2023ல் உலகில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி, 48 விழுக்காடு, இவ்வகை என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. உயரத்தில் உட்கார்ந்தால் பாதை நன்றாகத் தெரிகிறது, உண்மை. மற்றவர்களுக்கு நாம் தெரிகிறோம் என்பதும் உண்மை. எது முதற்காரணம் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளத்தில் வண்டியை இழந்த நமக்கு உயரம் பாதுகாப்பாகவும் பட்டது. அது பேதைமை. அரூஸ் வண்டியில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர், ஒரு சாண். மேல்மாடி வரை வந்த வெள்ளத்துக்கு ஒரு சாண் எம்மாத்திரம்?

மகன் ஐந்து பேர் அமரும் வண்டியையே கேட்டான். 2021 மார்ச்சில் வெளிவந்த அத்திவா 61,500இலிருந்து கிடைத்தது. எஞ்சின் 1000 சி.சி.க்குள் என்பதால் ஆண்டு வரி வெறும் 20 ரிங்கிட். 2020 அக்டோபரில் வந்த புரோட்டோன் எக்ஸ்50 கண்ணைக் கவர்ந்தது. விலை 79,200இலிருந்து 1,03,300 வரை, வரம்புக்கு வெளியே. இரண்டிலும் ஐவருக்கே இடம். சிறு குழந்தைக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். அதை ஒரு பக்கம் பொருத்திவிட்டால் பின்வரிசையில் மூவர் என்பது பேச்சுக்குத்தான். பிறகு உம்மா எங்கே? "நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன் வாப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று உம்மா சொல்லிவிட்டார்கள். அவ்வார்த்தைக்குப் பிறகு ஐந்து இருக்கை வண்டியைப் பற்றி மகனே பேசவில்லை.

ஏழு இருக்கை அரூஸ் 2019 ஜனவரியில் வெளிவந்தபோது இரு வகை: ஒன்று 72,900, மற்றது 77,900. இந்த ஐயாயிரத்தில்தான் நமக்கு உண்மையான சோதனை வந்தது. மேல்வகையில் தோல் இருக்கை உண்டு. அதை எளிதாக ஒதுக்கிவிட்டோம். ஆனால் முன்னே வண்டியோ ஆளோ வந்தால் எச்சரித்து, தேவையானால் தானே பிரேக் போடும் கருவியும் மேல்வகையில்தான். கடையை அடைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் தூக்கக் கண்ணோடு வருகிறவனுக்கு அது ஆடம்பரமா, அவசியமா? வீண் விரயம் தவறு என்றால், பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் கையைச் சுருக்கிக்கொள்வதும் தவறே. வரம்பை ஒரு பெருமையாக வைத்துக்கொண்டு அதன் பேரால் கஞ்சத்தனம் செய்யும் ஆபத்தும் நமக்கு உண்டு. வெள்ளக் காப்புறுதியில் செய்தது அதுதானே?

அப்போது விற்பனை வரி விலக்கு நடப்பிலிருந்தது. 2022 ஜூன் 30க்குள் பதிந்தால்தான் கிடைக்கும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று விற்பனையாளர்கள் அவசரப்படுத்தியதில் இந்த ஒன்று மட்டும் பொய்யல்ல. அதனால் மேல்வகையும் 75,000க்குள் வந்துவிட்டது. நாம் தப்பித்தோம். விலக்கு இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று பிறகு பலமுறை யோசித்தோம். கூடத்தில் நின்றபடியே ஐயாயிரத்தை ஏற்றியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து, புத்தகத்தை விரித்து, எந்த வரியிலிருந்து அதை எடுக்கிறோம் என்று எழுதிய பிறகு ஏற்றியிருக்கலாம் என்பதே நமக்குக் கிடைத்த விடை. வரம்பு என்பது கல்வெட்டல்ல, மாற்றலாம். ஆனால் சிப்பந்தியின் சம்பளமும் சரக்குக்காரரின் பாக்கியும் கண்ணெதிரே இருக்கும் இடத்தில்தான் மாற்ற வேண்டும். குளிரூட்டிய கூடத்தில் அவர்கள் யாரும் இருப்பதில்லை. வண்டி மட்டுமே பளபளவென்று இருக்கிறது.

கடைசியாக ஒன்று, நம் வியாபாரிகளுக்கே உரிய சபலம். "வண்டியைக் கடைப் பேரில் எழுதிவிடுங்கள், வரியில் கழியும்" என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தொழிலுக்கான புதிய வண்டிக்கு, விலை 1,50,000க்கு மேற்படாவிட்டால், 1,00,000 ரிங்கிட் வரை மூலதனச் சலுகை உண்டு; மற்றவற்றுக்கு 50,000 வரை. சட்டம் தருவதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் உம்மாவை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் ஏற்றிச் செல்லும் வண்டியைச் சரக்கு வண்டியென்று எழுதுவதெப்படி? சொந்த உபயோகப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். நம் வண்டியில் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். தராசில் கைவைக்காதவர் இந்த எழுத்தில் கைவைக்கிறார் என்றால், வருமான வரி அலுவலர் நேரில் வந்து நின்று நிறுவையைப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம்.

வண்டி 2022லேயே வந்தது. உம்மா நடுவரிசையில் இடப்பக்கம். ஏறுவதற்கு ஒரு சிறு முக்காலியை மகன் எப்போதும் பின்னால் போட்டு வைத்திருக்கிறான். ஐந்தாண்டுத் தவணை 2027ல் முடியும். அந்த ஞாயிறு இரவு எழுதிய காகிதம் பேரேட்டின் அட்டைக்குள் இன்னும் இருக்கிறது. 75,000 என்ற எண்ணுக்குக் கீழே, மறுவாரத் தேதியிட்டு, நம் துணைவியாரின் கையெழுத்தில் ஒரு வரி: "வெள்ளக் காப்புறுதி தனி. பெருநாள் துணிச் செலவில் கழிக்கவும்."