லாரியின் நெற்றியில் ஒரு பெண் பெயர்

என்னிடம் ஒரு லாரி இருக்கிறது என்று சொன்னால், "எந்த லைன்ல ஓடுதுங்க டீச்சர்?" என்றுதான் எங்கள் ஊரில் முதலில் கேட்பார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் அது இயல்பான கேள்வி. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு மூன்றையும் சேர்த்தால் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு சம்பந்தப்பட்டிருப்பார்கள். எந்த லைனிலும் ஓடவில்லை, தோட்டத்தில் கொட்டகை போட்டு நிறுத்தி வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். வித்தால் நல்ல விலை வருமா? வராது. சினிமாவுக்கு வாடகைக்கு விடவா? இல்லை. "அப்புறம் எதுக்குங்க?"

இந்த "எதுக்குங்க" என்ற கேள்வியை மூன்று வருடங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பந்தயப் புறா வளர்க்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை. ஆணுக்குப் பொழுதுபோக்கு இருக்கலாம். பெண்ணுக்கும் இருக்கலாம், ஆனால் அது வீட்டுக்கு உதவ வேண்டும். தையல், மாடித்தோட்டம், ஊறுகாய், சரிகை வேலை என்றால் யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். பெண்ணின் ஓய்வுநேரம்கூட வீட்டுக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நான், யாருக்கும் உதவாத ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டேன். இந்த அளவோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை மகிழ்ச்சியாக முடித்திருப்பேன். முடியவில்லை.

வண்டி 1968ஆம் ஆண்டின் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு லாரி செய்யத் தொடங்கியது. பதினைந்து வருட ஒப்பந்தம் 1969இல் முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் போய் 'டி' என்ற எழுத்து வந்தது. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகும் பல காலம் டாட்டா லாரியை "பென்ஸ் வண்டி" என்றுதான் சொன்னார்கள். என் அப்பா 1974இல் வாங்கிய பழைய வண்டியும் இதே மாதிரிதான். அதே வண்டியா என்று கேட்காதீர்கள். அப்பாவின் வண்டி 1986இல் கைமாறி எங்கோ போய்விட்டது. இது காயலான் கடையில் வெட்டுக்குக் காத்திருந்தது. எடைக்குப் போட்டால் என்ன வருமோ அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினேன். என் வளையல்கள் நான்கை விற்றேன்.

நகையைச் சொல்லும்போது அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவின் வண்டிக்கு முன்பணம் அம்மாவின் பதினோரு பவுன். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். வண்டியின் நெற்றியில் என் அக்காவின் பெயர், மஞ்சள் எழுத்தில், இருபக்கமும் தாமரைப்பூ வைத்து. அம்மா அந்த வண்டியின் முன் சீட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆயுதபூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும் பொட்டு வைப்பதும் அவர் வேலை. எங்கள் நெடுஞ்சாலைகளில் நின்று பார்த்தால் எத்தனை பெண் பெயர்கள் ஓடுகின்றன! சாமி பெயர், மகள் பெயர், தாயார் பெயர். கேபினுக்குள் எட்டிப் பார்த்தால் பெண் இருக்க மாட்டாள். குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. பெண்ணின் பெயர் வண்டியில் இருப்பது செய்தியல்ல, பெண்ணே இருப்பதுதான் செய்தி.

நான் வண்டி வாங்கிய அதே 2021ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு, தனி எண். ஆவலாகப் படித்தேன். இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும்தான் அது. லாரி அதில் இல்லை. ஜமீன்தாரை ஏற்றிப்போன கார் பாரம்பரியம், அவருடைய நெல் மூட்டையை ஏற்றிப்போன லாரி பழைய இரும்பு. சமையல்கட்டைத் தொல்பொருளாகக் காட்டாமல் சிம்மாசனத்தைக் காட்டும் அருங்காட்சியகங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்த இன்னொரு சொல், "மூல வடிவம்".

லாரிக்கு மூல வடிவம் எது? அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்தது சேஸிஸும் எஞ்சினும் முன்முகப்பும்தான். கதவில்லை, கூரையில்லை. அதை அப்படியே ஓட்டி வந்து நம் பட்டறைகளில் விடுவார்கள். தச்சர் மரச்சட்டம் போட்டுக் கேபின் கட்டுவார், டிங்கர் தகடு அடிப்பார், பெயிண்டர் பூப்போடுவார். வண்டிக்கு முகம் வந்தது எங்கள் ஊரில். பிறகு ஒவ்வொரு முதலாளியும் மாற்றினார்கள். ஸ்பிரிங் பட்டை மாறியது, கியர்பாக்ஸ் மாறியது, தளத்துப் பலகை பலமுறை மாறியது. இப்போது நான் புதுப்பிக்கிறேன் என்றால் எந்த நாளுக்குத் திரும்பப் போகிறேன்?

இது வெறும் தத்துவக் கேள்வியில்லை என்பது சுரண்டும்போது தெரிந்தது. இடதுபக்கக் கதவில் எமரித்தாளை வைத்துத் தேய்க்கத் தேய்க்க நிறம் நிறமாக வந்தது. மேலே பச்சை. அதன் கீழே பட்டி. அதற்கும் கீழே பழுப்பு. பழுப்புக்கு அடியில் ஒரு நீலம், ஆழத்தில் செங்காவி பிரைமர். பழுப்பைப் பார்த்ததும் மேஸ்திரி சொல்லிவிட்டார், "நேஷனல் பர்மிட்டுங்க்கா." தேசிய பர்மிட் வண்டிக்குக் காய்ந்த இலைப் பழுப்பும் ஓரத்தில் வெள்ளைப் பட்டையும் என்பது அன்றைய விதி. அந்தப் பர்மிட் முறை 1975இல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் வண்டிகள் பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று போகத் தொடங்கின. மூன்று நாளில் திரும்பிய ஆண்கள் மாதம் ஒருமுறை திரும்பினார்கள்.

(மேஸ்திரி நல்லவர். ஆனால் எஞ்சின் ஓடும்போது நான் கிரீஸ் கன்னைத் தூக்கினால் மட்டும் "தள்ளி நில்லுங்க்கா" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயங்கும் எந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ கூடாதவர்கள் என்று பெண்களையும் வயதுக்கு வராத பையன்களையும் ஒரே வரியில் வைத்திருந்தது. நான் அறுபதைத் தாண்டியவள்.)

எஞ்சின் முதல்முறை உயிர்பெற்ற அன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தேன். ஆறு சிலிண்டரும் ஒத்திசைந்து உறுமியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பாவின் வேட்டியில் இருக்கும் டீசல் வாசனை, நடு இரவில் முக்குத் திரும்பும்போதே சத்தத்தை வைத்து "அப்பா" என்று எழுந்து ஓடியது எல்லாம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சின்னம்மா மட்டும் கொட்டகைக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

போய்க் கேட்டேன். "அந்தச் சத்தம் கேட்டா இன்னும் வவுத்தைக் கலக்குது கண்ணு" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் கலரை எதுக்குச் சொரண்டி வெளிய எடுத்தே?" என்றார்.

சித்தப்பா பம்பாய் லைன் டிரைவர். 1999இல் இறந்தார். என்ன நோய் என்று அன்றைக்கு யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. சின்னம்மாவுக்கும் அது இருப்பது பிறகு தெரிந்தது. 2004இல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியதால் அவர் இன்று இருக்கிறார். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே சொன்னார்.

தொண்ணூறுகளில் நாமக்கல் என்றால் லாரி, முட்டை, எச்.ஐ.வி. என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி இருபது வயதில் ஒரு லாரி டிரைவருக்குத் திருமணம் செய்துவைக்கப்பட்டு, கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளானவர். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து, 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சலின் அளவு எங்கள் ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சில வருடங்கள் கழித்து 'புள்ளிராஜா' விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் வந்தது. ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரே பேசியது. ராஜாவின் பெண்டாட்டிக்கு வருமா என்று எந்தச் சுவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இரும்பு என்ன பாவம் செய்தது என்பதுதான் முதலில் தோன்றிய சமாதானம். லாரி ஒரு பொருள். அதை ஓட்டியவர்களும் குற்றவாளிகள் அல்ல. தூக்கமில்லாமல், செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் மாமூல் கொடுத்து, முதலாளியின் கெடுவுக்குள் போய்ச்சேர வேண்டிய கூலிக்காரர்கள் அவர்கள். ஆனால் இந்தச் சமாதானம் விடியும்வரைகூட நிற்கவில்லை. இரும்பு வெறும் இரும்பு என்றால் நான் ஏன் அழுதேன்? காயலான் கடையில் அத்தனை இரும்பு கிடக்க, இதற்கு மட்டும் ஏன் வளையலை விற்றேன்? என் அப்பாவின் நினைவு அதில் ஒட்டியிருக்கிறது என்று நான் உரிமை கொண்டாடினால், சின்னம்மாவின் பயமும் அதே உரிமையோடு அதில் ஒட்டியிருக்கிறது. எனக்கு இனிக்கும்போது அதை நினைவு என்பதும், அவருக்குக் கசக்கும்போது வெறும் தகடு என்பதும் நேர்மையல்ல.

பழைய லாரிகளைப் பற்றி எழுதும் ஆண்கள் நெடுஞ்சாலையைப் பற்றி எழுதுகிறார்கள். மலைப்பாதை, தாபா, நிலா வெளிச்சம். அமெரிக்காவில் 1971லிருந்தே பழைய லாரி வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன், எனக்கும் அது இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் லாரி என்பது பெரும்பாலும் அது இல்லாத நாட்கள்தான். காத்திருத்தல், கடன், சாமிக்கு முடிந்துவைத்த காசு, வாசலில் டயர் சத்தம் கேட்டதும் வரும் நிம்மதி, பிறகு அந்த நிம்மதியோடு கலந்த வேறொன்று. இதையெல்லாம் எந்தப் பட்டறையில் புதுப்பிப்பது?

வண்டியைத் திரும்பக் காயலான் கடைக்கே கொடுத்துவிடட்டுமா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்வார் என்ற நம்பிக்கையும் உள்ளே இருந்தது. என் குற்றவுணர்ச்சியைத் தீர்க்கும் வேலையை அவர் தலையில் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. "ஏறிப் பாக்கட்டுமா?" என்றார்.

படி உயரம். முட்டிவலி வேறு. மேஸ்திரியும் நானும் தாங்கி ஏற்றினோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, நின்ற இடத்தில் திருப்ப முடியாது. திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பின்னால் இருந்த படுக்கைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கிருந்து பாத்தா ரோடு மட்டுந்தான் தெரியுது" என்றார். அது மன்னிப்பா, புகாரா, வெறும் வர்ணனையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வேலையின் போக்கை மாற்றினேன். வலதுபக்கக் கதவுக்கும் போனட்டுக்கும் புது நீலம். இடதுபக்கக் கதவைப் பெயிண்ட் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், பச்சை, பட்டி, பழுப்பு, நீலம், காவி என்று படிப்படியாகத் தெரியும்படி, மேலே நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசி. கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்த ஒரு சேகரிப்பாளர், வண்டியின் மதிப்பே போச்சு என்றார். இருக்கலாம். பழுப்பை மூடிவிடுவதே சின்னம்மாவுக்குச் செய்யும் மரியாதை என்று என் மகள் சொல்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. சின்னம்மா கதவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது வலதுபக்கமாகச் சுற்றி வந்தார்.

நெற்றிப் பலகை இன்னும் காலியாக இருக்கிறது. அக்காவின் பெயரைப் போடத்தான் முதலில் நினைத்திருந்தேன். அக்காவிடம் கேட்டதற்கு, "என்னைக் கேட்டா அன்னிக்குப் போட்டாங்க?" என்று சிரித்தாள். அம்மா பெயரைப் போடலாம், ஆனால் பெண் பெயரை நெற்றியில் ஒட்டிக் கடனைத் தீர்ப்பதும் பழைய வழக்கம்தானே என்று கை தயங்குகிறது. பெயிண்டர் நேற்றும் வந்தார். மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன பேருங்க டீச்சர்?" என்று கேட்டார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.