கோவலன் நம்பியது யாரை?

மாட மதுரையின் வீதியிலே கோவலன் ஒரு பொற்கொல்லனை நம்பினான், சிலம்பை விற்றுத் தருவான் என்று! அவனோ, அரசியின் சிலம்பைத் தான் களவாடிய குற்றத்தை மறைக்க, நம்பி வந்தவனையே கள்வனாக்கினான். பொய் சொன்னதைவிடக் கொடியது, பிறர்க்காக ஏற்ற பொறுப்பைத் தன் நலத்துக்குத் திருப்பியது என்போம் நாம்.

இத்தகைய பொறுப்பைச் சட்டம் காக்குமா? 1726இல் இலண்டனில், எழுத்துக்கு அப்பால் மனச்சான்றையும் பார்க்கும் சமநீதி மன்றத்தில் ஒரு வழக்கு. சிறுவனுக்குரிய சந்தைக் குத்தகையைப் பார்த்துவந்தான் ஒரு பொறுப்பாளன். சிறுவனுக்குப் புதுப்பித்துத் தர உரிமையாளர் மறுக்கவே, தன் பெயரில் எடுத்துக்கொண்டான். வஞ்சகம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் குத்தகையும் இலாபமும் சிறுவனுக்கே என்றது தீர்ப்பு. கடுமைதான்! அந்தக் கடுமை இல்லையேல், புதுப்பிக்க எந்தப் பொறுப்பாளன் மெய்யாக முயல்வான்?

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைகள் சட்டம், 88ஆம் பிரிவில், கூட்டாளியையும் முகவரையும் கம்பெனி இயக்குநரையும் இதே நெறியில் கட்டுகிறது. கூட்டுப் பணத்தில் தன் பெயருக்கு நிலம் வாங்கினால், அந்த நிலம் கூட்டுக்கே!

கீழமாசி வீதிக் கணக்கேட்டின் தலையில் பிள்ளையார் சுழி, இருக்கட்டும். கூட்டாளியின் கையைத் தடுப்பது சுழியா, சட்டமா? பங்கைப் பறிகொடுத்த கைம்பெண், சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறாள். பாவம், கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமை தனக்குண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.