திருத்தப்பட்டது வரைபடம்

பார்பரா ஜோர்டன் 1959-இல் பாஸ்டனில் சட்டம் முடித்துச் சொந்த ஊரான ஹூஸ்டனுக்குத் திரும்பினார். தனி அலுவலகத்துக்கு வசதியில்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வக்கீல் தொழில் தொடங்கியது.

1962, 1964 என இரண்டு முறை டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு நின்றார். இரண்டிலும் தோல்வி. கணீர்க் குரல், கூர்மையான வாதம், உழைப்பிலும் குறைவில்லை. ஆனால் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போடும் ஏற்பாட்டில், அவர் சார்ந்த கறுப்பின மக்களின் ஓட்டு காணாமல் போனது. தொகுதிகளின் மக்கள்தொகை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் சொன்னபின் எல்லைகள் மாறின. 1966-இல் அதே பார்பரா மாநில செனட்டுக்கு வென்றார். தோற்றவரைப் பார்த்து ‘உன்னைத் திருத்திக்கொள்’ என்று புத்தி சொல்ல ஆட்கள் எப்போதும் உண்டு. இங்கே கோளாறு வரைபடத்தில் இருந்தது.

1883-க்குப் பின் அந்த செனட்டில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மற்ற 30 உறுப்பினர்களும் ஆண்கள். அவர்களே பின்னாளில் அவரைத் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்குரிய மரபுப்படி, 1972 ஜூன் 10 அன்று ஒரு நாள் ஆளுநரானார். விழாவுக்கு வந்திருந்த அப்பா அன்றே நோயில் விழுந்து மறுநாள் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பார்பரா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வென்றார். 1974 ஜூலையில் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் அவர் பேசியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.