முதல் கண்

கசாப்புக் கடையிலிருந்து வந்த ஆட்டுக் கண்ணில்தான் பழகினேன். கிழிந்தால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். மனிதக் கண்ணில் லென்ஸின் பின்னுறை, மிக மெலிந்த இடத்தில், ஒரு மில்லிமீட்டரில் 1000ல் 4 பங்கு. அது கிழிந்தால் பின்னாலிருக்கும் கூழ் முன்னே வழியும். புத்தகம் இதைச் சொல்லும். யாருடைய கண்ணில் கற்பது என்பதைச் சொல்லாது.

என் முதல் கண் ஒரு கிழவியுடையது. கண் மட்டும் மரத்துப்போக ஊசி. துணிக்கடியில் விழித்தே இருந்தாள். பேசுவதெல்லாம் காதில் விழும். எனவே ஆசிரியர் பேசவில்லை. மணிக்கட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு தடவை தொட்டார். அந்த மௌனம் அவளுடைய நிம்மதிக்காகவா, எங்கள் ரகசியத்திற்காகவா? இரண்டுக்கும்தான், சங்கடமே அதில்தான்.

1747ல் ழாக் தாவியேல் புரையை வெட்டி வெளியே எடுத்ததும் யாரோ ஒருவருடைய கண்ணில்தான். முதல் கண் இல்லாமல் எந்தக் கையும் தேறுவதில்லை. வாதம் சரி. ஆனால் அதன் விலையைச் சொல்பவன் தருவதில்லை. இலவச வார்டில் படுத்திருப்பவள் தருகிறாள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும், "நீங்கதானா ராசா" என்றாள். பார்வை வந்திருந்தது. நான் சொல்லாமல் விட்டதை அது நியாயப்படுத்துமா? பார்வை வராவிட்டால்தான் அது குற்றம் என்றால், ஒழுக்கம் என் விரல் நடுக்கத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இப்போது நான் கற்பிக்கிறேன். கத்தி பிடிக்கப்போவது மாணவன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். சிலர் மறுக்கிறார்கள். மறுக்க இடம் இருக்கும்போதுதான் 'சரி' என்பது ஒரு சொல்லாகிறது.