தகடு மாறினாலும் அதே கார்தானா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பழைய வண்டிக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. வெல்லாவெளிப் பக்கத்து வயல்களில் 1960களின் மாதிரியான மெஸ்ஸி பெர்குசன் 135 உழவு இயந்திரம் ஒன்று நின்றால், அது ஓடுமா ஓடாதா என்றுதான் கேட்பார்கள். அதன் வயதை யாரும் மெச்சுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மாமர நிழலில் மொரிஸ் மைனர் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு பாகமாக மாற்றினால், அவர் முன் ஒரு பழைய தத்துவக் கேள்வி வந்து நிற்கும். தகடு புதிது, வயர் புதிது, பிரேக் புதிது என்றான பிறகும் அது அதே கார்தானா? அதே கார்தான் என்பது என் பக்கம். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. பழையது தாங்கிக்கொண்டிருக்கும்போதே புதியது அதன் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையைப் பணக்காரரின் கராஜைவிட, காசில்லாதவரின் மெதுவான வேலை நன்றாகவே நிறைவேற்றுகிறது.

இதற்குச் சான்று அந்தக் காரின் உடம்பிலேயே இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டகம் இல்லை. தகடுகளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுகள்தான் அதன் முதுகெலும்பு. கறள் முதலில் பிடிப்பதும் அங்கேதான். வாவிக் காற்றும் மாரிச் சேறும் உள்ள இடத்தில் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்கத் தகடுகளையும் ஒரேயடியாக வெட்டி எடுத்தால் உடம்பு நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் அந்தத் தொய்வே நிரந்தரமாகி, பிறகு கதவு எந்நாளும் சரியாகப் பூட்டாது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் அடியில் முட்டுக் கொடுத்து, கதவைப் பூட்டி இடைவெளியைப் பார்த்து, ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடுவார்கள். கறள் தின்ற தகடாக இருந்தாலும், தன் அளவைப் புதுத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அது போகிறது. அந்தக் கார் அதே காராக நீடிக்கும் இடம் இந்தக் கைமாற்றுத்தான்.

கோயில் திருப்பணியில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அங்கே என்ன நடக்கிறதென்று பாருங்கள். கல்லையும் மரத்தையும் தொடும் முன்பே பாலஸ்தாபனம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைத் தற்காலிகச் சந்நிதியான பாலாலயத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். வேலை முடியும்வரை பூசை அங்கே தொடரும். கும்பாபிஷேகத்தில்தான் சாந்நித்தியம் மீண்டும் மூலத்தானத்துக்கு வரும். முழுவதையும் பிரிக்கும்போது தொடர்ச்சி அறுந்துவிடலாம் என்பதை ஆகமம் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கிறது. காருக்குப் பாலாலயம் இல்லை. அதனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு வருடக்கணக்கில் மறப்பவர், பிறகு எவ்வளவு செலவழித்தாலும், பழைய பாகங்களைக் கொண்டு வேறொரு காரைத்தான் கட்டுகிறார்.

'அதே கார்' என்ற பேச்சே பொய் என்று பௌத்தர் மறுக்கலாம். கிரேக்க வழி மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டது அதைத்தான். அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை; தேர் என்பது வழக்குக்கு வைத்த பெயர். இதை நான் பாதி ஒப்புக்கொள்வேன். இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடர் அதே சுடரும் இல்லை, வேறு சுடரும் இல்லை என்று சொன்னவரும் அதே நாகசேனர்தான். அந்தத் தொடர்ச்சியைத்தான் நான் இங்கே பேசுகிறேன். மீதிப் பாதியில் எனக்குச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் துணை. மாறுகிற உடலுக்கும் புலன்களுக்கும் வேறாக, அவற்றை அறிகிற ஓர் உயிர் உண்டென்று அவருடைய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் நிறுவுகிறது. காருக்கு உயிரில்லை, ஆகவே தன் தொடர்ச்சியை அது தானே அறியாது. எது எப்போது மாறியது என்று அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

பதிவுப் புத்தகமும் இலக்கத் தகடும் அந்த அறிவைத் தராதா என்றால், சட்டத்துக்குத் தரும். இலங்கையின் வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் வந்தபோது தமிழர் அதைத் தமிழ் ஸ்ரீயாக மாற்றிப் போராடினார்கள். எழுத்து மாறியதால் எந்தக் காரும் வேறு காராகிவிடவில்லை. எரிபொருள் மாறினாலும் ஆவதில்லை. 1990க்குப் பிந்தைய போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. நாற்றமும் புகையும் ஒரு பக்கம் இருக்க, அவை அதே கார்களாகவே நோயாளிகளையும் கல்யாணக்காரரையும் ஏற்றிப் போயின.

மூலப் பாகத்தைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்னும் தூய்மைவாதிகள் இன்னொரு பக்கம். டைனமோவும் ட்ரம் பிரேக்கும் அப்படியே இருக்க வேண்டுமாம். காட்சிக்கு நிறுத்தும் காருக்கு அது பொருந்தலாம். வீதியில் ஓடும் காருக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அவர்களிடம் நமக்கொரு கடன் உண்டு. அது பழமையின் மீதுள்ள பக்தியைவிடப் பெரியது. முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், இருக்கைப் பட்டி, டைனமோ இருந்த இடத்தில் ஒல்டர்நேட்டர் என்பவை காரை அதன் தொழிலில் நிலைக்க வைக்கும் மாற்றங்கள். ஒல்டர்நேட்டர் போடும்போது பழைய பொசிட்டிவ் எர்த் வயரிங்கையும் திருப்ப வேண்டும் என்பதை மறந்தால் புதுச் சாமான் கருகிவிடும், அது வேறு. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று வேறொரு வாகனத்தின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் முன்பகுதியையும் ஒன்றாக வெட்டி ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே பழையது எதையும் கைமாற்றவில்லை. தோலை மட்டும் கொடுத்திருக்கிறது.

இத்தனை பற்றும் செலவும் தகுமா என்பதுதான் கடைசி மறுப்பு, கனமானதும் அதுதான். பெருமைக்காகச் செய்தால் தகாது. கருவறை ஒழுகும்போது கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதுபோல, பிரேக் பிடிக்காத காருக்கு முதலில் பளபளப்பான பெயின்ட் அடிப்பவரிடம் இருப்பது வெறும் பற்று. முதலில் பிரேக், அடுத்து தரைத் தகடும் பெட்டித் தகடும், பிறகு வயரிங், கடைசியில் பெயின்ட் என்று குறைந்த காசை முறையாகப் பங்கிடுபவரிடம் இருப்பது பொறுப்பு. இப்படியொரு காரை வைத்திருப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். எந்தப் பாகம் எப்போது, எதற்காக மாறியது என்று ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். காரை விற்கும் நாளில் பதிவுப் புத்தகத்தோடு அந்தக் கொப்பியையும் கொடுத்துவிடுங்கள்.