சுண்ணாம்புப் படிவும் மனித உழைப்பும்

உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று அறநூல்கள் கூறும். உயிரற்ற பொறியொன்றிடம் நாம் பட்ட கடன் ஏதேனும் உண்டா? இவ்வினாவுக்கு விடைகாண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அடுக்களையிலுள்ள கோப்பிப் பொறியே போதும்.

ஜேர்மனியில் 1954இல் காப்புரிமை பெற்ற ‘விகோமற்’ என்ற பொறியின் வழியில் வந்தவையே இன்றைய மின் வடிகோப்பிப் பொறிகள். தொட்டியிலுள்ள நீர் ஒருவழி வால்வினூடாக ஒரு சிறு குழாயை அடைகிறது. அங்கே சூடேறிக் கொதிக்கையில் எழும் ஆவிக்குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளுகின்றன. அந்நீர் கோப்பித்தூளின்மீது சொரிந்து கீழே வடிகிறது. இவ்வளவே இதன் நுட்பம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கற் பாறையில் ஊறி வருவது. அதிலே கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. நம் வீட்டுக் கேத்தில்களின் அடியிலே காணும் வெள்ளைப் படையும் இதுவே. கோப்பிப் பொறியில் இது குழாயின் உள்ளே மறைவாகப் படிகிறது. வழி ஒடுங்குகிறது, கோப்பி வடியும் வேகம் குறைகிறது, பொறி இரைகிறது. படிவு வெப்பத்தை நீருக்கு எளிதிற் கடத்தாமையால் சூடாக்கி அளவுமீறிக் கொதிக்கிறது. ஈற்றில் வெப்ப உருகி அறுந்து பொறி நின்றுவிடுகிறது. “பழசாகிவிட்டது” என்று தீர்ப்புக் கூறி நாம் அதனை எறிகிறோம்.

பழசானது பொறியன்று, கவனிப்பு அற்றுப்போனதே உண்மை. நீர் கலந்த வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ பொறியினுட் செலுத்தி, அரைமணி நேரம் ஊறவிட்டால், படிவு காபனீரொட்சைட்டாய் நுரைத்துக் கரையும். பின்னர் தூய நீரை இருமுறை ஓடவிட்டாற் போதும். உருகி அறுந்திருப்பின், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு அதே அளவுடைய வேறோர் உருகியைப் பொருத்தலாம். உருகியை விலக்கி வெறுங்கம்பியால் இணைப்பதோ தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். பழுதுபார்த்தலுக்குக் கைத்திறன் மட்டுமன்றி அறிவும் பொறுப்பும் வேண்டும்.

பயனின்றிக் கிடக்கும் பொறியை இயற்கை அரித்தழிக்கும். அதனுள் உறைந்த உழைப்பை உயிருள்ள உழைப்பே மீட்டெடுக்கும். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் விளக்கும் கருத்து இது. இங்கேதான் நமது வினாவுக்கு விடை உள்ளது. நாம் கடன்பட்டிருப்பது பொறிக்கன்று. அலுமினியத்துக்கு மூலமான மண்ணை அகழ்ந்தவனுக்கும், தொழிற்சாலையிலே அதன் உறுப்புகளைப் பொருத்திய பெண்ணுக்கும். முகந்தெரியாத அவர்களின் வாழ்நாளில் ஒரு பகுதி நம் அடுக்களையிலே இருக்கிறது. ஒருபிடி சுண்ணாம்புக்காக அதனைக் குப்பையிலே கொட்டுதல் அவர்தம் உழைப்பை இழிவுபடுத்துவதாகும்.

இது வறியவனின் சிக்கனத்துக்குச் சூட்டிய அழகிய பெயரே என்று சிலர் மறுக்கக்கூடும். அம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. 1990இல் வடபுலத்தின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபின், நம் மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்; மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர். அத்திறமை போற்றற்குரியது, அதனை வேண்டச் செய்த கொடுமை போற்றற்குரியதன்று. வேறு வழியின்மையாற் செய்யும் பழுதுபார்த்தல் இடரைத் தாங்குதல் மட்டுமே. எறிய வசதியிருந்தும் எறியாதிருப்பதிலேதான் அறம் தொடங்குகிறது.

ஆயினும் தனிமனிதனின் நல்லெண்ணத்தோடு இது முடிவதில்லை. சாதாரணத் திருப்புளிக்கு அசையாத திருகாணிகள், பசையால் ஒட்டிய மூடிகள், கடைகளில் கிடைக்காத உதிரிப்பாகங்கள் ஆகியவற்றால் விற்றவரே வழியை அடைத்துவிடுகின்றனர். பழையது சாகாவிடின் புதியது விலைபோகாது என்பதே இலாபத்தின் நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் சட்டமொன்றை இயற்றியது. சலவைப்பொறியும் கைத்தொலைபேசியும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. கோப்பிப் பொறி இடம்பெறவில்லை. சிறுபொருள்கள் சாகலாம் என்று சட்டமும் எண்ணியது போலும்!

அமிலமும் சுண்ணாம்பும் தாக்கமுறுதலை நம் மாணவர் சமன்பாடாக மனனஞ் செய்கின்றனர். அச்சமன்பாடு தம் வீட்டுக் கேத்திலிலும் நுரைப்பதை அவர்கள் காணட்டும். பொறியின் மூடியைத் திறந்து பார்க்கப் பழகிய கை, அது ஏன் திறக்கமுடியாதபடி ஒட்டப்பட்டது என்றும் ஒருநாள் கேட்கும்.